பழைய மாணவர் தலைமை ஆசிரியராகத் திரும்பும் வழி: கத்தோலிக்கப் பள்ளிகளும் தலித் கிறித்தவர்களும்

கத்தோலிக்கப் பள்ளியில் படித்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகத் திரும்புவதை நம் ஊர்கள் விழாவாகக் கொண்டாடுகின்றன. ஆண்டு மலரில் படம் வெளியாகிறது. முன்னாள் மாணவர் சங்கம் சால்வை அணிவிக்கிறது. அவ்வாறு திரும்புவோரில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி அந்த மேடைகளில் எழுவதில்லை. தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கும் மேற்பட்டோர் தலித்துகள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் தலைமைப் பொறுப்புக்குச் செல்லும் வழி எவ்வாறு அமைந்துள்ளது, அதை அடைத்திருப்பது எது, திறக்க வல்லவர் யார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நியமிப்பவர் யார்?

அரசு நிதியுதவி பெறும் சிறுபான்மைப் பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு வழங்குகிறது. நியமன அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது. மறைமாவட்டப் பள்ளிகளில் அந்த அதிகாரம் ஆயருக்கும் அவர் அமர்த்தும் கண்காணிப்பாளருக்கும் உரியது. சிற்றூர் ஆர்.சி. பள்ளிகளில் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். துறவற சபைகளின் பள்ளிகளில் சபைத் தலைமை முடிவு செய்கிறது. அங்கே தலைமை ஆசிரியர் பணிக்கு அருட்தந்தையோ அருட்சகோதரியோ அமர்வதே நெடுநாள் வழக்கம். நியமனத்துக்குக் கல்வித் துறை ஒப்புதல் அளிக்கிறது. யாரைத் தெரிவு செய்வது என்பதில் அத்துறைக்குப் பங்கில்லை.

இந்த ஊதியம் பொதுப் பணம் என்பதில் ஐயமில்லை. நிதியுதவிப் பள்ளிகளில் பணிபுரியும் குருக்கள், கன்னியர் ஆகியோரின் ஊதியத்திலும் வருமான வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வறுமை வாக்குக் கொடுத்து ஊதியத்தைச் சபைக்கே அளித்துவிடுகிறோம் என்ற வாதம் அங்கே ஏற்கப்படவில்லை.

சட்டம் தரும் சுதந்திரம்

அரசமைப்புச் சட்டத்தின் 30(1) ஆம் பிரிவு, சிறுபான்மையினருக்குத் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. கேரளத்துப் பள்ளி ஒன்று தொடர்பான அம்மது வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரித்துரைத்தது. தகுதியுடைய எவரையும் தலைமை ஆசிரியராகத் தெரிவு செய்யும் உரிமை சிறுபான்மை நிர்வாகத்துக்கு உண்டு. பணி மூப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம். மலங்கர சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில், அரசு நிதி பெறுவதால் இந்த உரிமை குறைவதில்லை என்றும் 2006இல் கூறப்பட்டது. ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டைப் பின்பற்றும் கடமையும் இந்நிறுவனங்களுக்கு இல்லை.

இத்தீர்ப்புகளைத் தலித் இயக்கங்கள் பெரும்பாலும் தடையாகவே காண்கின்றன. அவற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மூப்புப் பட்டியலுக்காகவோ அரசாணைக்காகவோ காத்திராமல், தகுதியுள்ள தலித் ஆசிரியர் ஒருவரை நாளையே தலைமை ஆசிரியராக்க ஆயருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது. எனவே சட்டம் இடந்தரவில்லை என்ற விடையை எந்த நிர்வாகமும் சொல்ல இயலாது. நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று 1958இலேயே கேரளக் கல்வி மசோதா குறித்த கருத்துரையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேலும் 30 ஆம் பிரிவின் உரிமை சமூகம் முழுமைக்கும் உரியது. அச்சமூகத்தில் பெரும்பான்மையாக இருப்போர் நிர்வாகத்தில் இல்லையெனில், அந்த உரிமை யார் பெயரால் பெறப்பட்டு யாரால் நுகரப்படுகிறது என்று கேட்பது நியாயமே.

ஒரே மனிதர், இரண்டு பெயர்கள்

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். தமிழக அரசின் கல்வி உதவித்தொகை அறிவிப்புகளில் 'கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்ற பெயரைக் காணலாம். மாணவராக இருக்கும் வரை அரசு அவரை அப்பெயரால் அறிகிறது. அவரே ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுகிறார். தீண்டாமையை அறியாத சாதிகளோடு 26.5 விழுக்காட்டுக்குள் போட்டியிடுகிறார்.

ஆக, அரசுப் பள்ளியில் பட்டியல் சாதி ஒதுக்கீடு அவருக்கு இல்லை. திருச்சபைப் பள்ளியில் எந்த ஒதுக்கீடும் இல்லை. இந்த நெருக்கடியில் சில குடும்பங்கள் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடராகவும் வழிபாட்டில் கத்தோலிக்கராகவும் வாழ்கின்றன. அவ்வாறு படித்துப் பட்டம் பெற்றவர், கத்தோலிக்கர் என்ற அடையாளத்தோடு தம் பழைய பள்ளியில் பணி கேட்டால், சாதிச் சான்றிதழை இழக்கும் அச்சம் எழுகிறது. அவர் திரும்பும் வழி விண்ணப்ப நிலையிலேயே அடைபடுகிறது.

திரும்புபவர் யார் என்பதே கேள்வி

பழைய மாணவர் திரும்புவது எப்போதும் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் வீடு புகுந்து சக மாணவர்களால் வெட்டப்பட்டதை அடுத்து, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அப்பகுதி உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்று அக்குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. இதன் ஒளியில் பார்த்தால், ஊரின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த பழைய மாணவர் அதே ஊரில் தலைமை ஏற்பது, அச்சாதியின் செல்வாக்கு பள்ளிக்குள்ளும் தொடர வழி செய்யக்கூடும். சேரியிலிருந்து படித்து வந்தவர் திரும்பும்போது, அந்தச் செல்வாக்குக்கு எதிர்நிறை உருவாகிறது.

தலைமை ஆசிரியரின் அன்றாடப் பணிகள் இதைத் தெளிவாக்கும். சேர்க்கைப் படிவத்திலும் மாற்றுச் சான்றிதழிலும் கையொப்பமிடுபவர் அவர். உதவித்தொகைப் பட்டியலைக் காலத்தில் அனுப்புவது, வகுப்புப் பிரிவுகளை அமைப்பது, கழிப்பறையைச் சுத்தம் செய்யும்படி எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது என்று உறுதி செய்வது, சாதிப் பெயரால் திட்டிய ஆசிரியர் மீது விளக்கம் கேட்பது ஆகிய அனைத்தும் அவர் கையில் உள்ளன. எனினும் நிதியும் நியமனமும் தாளாளரிடமே இருப்பதால், நாற்காலி மட்டும் கிடைத்தால் போதாது. தலித் பிள்ளைகளுக்குப் பணியாற்றும் நோக்கோடு துறவற சபையில் சேர்ந்த எழுத்தாளர் பாமா, சபைக்குள் நிலவிய சாதிப் போக்கைக் கண்டு வெளியேறியதை 'கருக்கு' நூல் வழியாக அறிவோம்.

திருச்சபை தந்த வாக்கு

சாதி சார்ந்த பாகுபாட்டைக் களையுமாறு 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தினார். 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் தாக்கப்பட்டனர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தையே சாதிச் சுவர் பிரித்து நிற்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. சுமார் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் அது ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். உயர்பதவியில் ஒருவர் அமர்வது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஊர்ப் பள்ளியின் நியமனப் பட்டியல் அதனால் தானே மாறிவிடாது.

திருச்சபைச் சட்டத்தின் 806 ஆம் விதி, துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் உள்பட, மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கண்காணிக்கும் உரிமையை ஆயருக்கு வழங்குகிறது. ஆகவே 2016 கொள்கையைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும் பொறுப்பை அவர் பிறர் மேல் சுமத்த முடியாது.

கேட்க வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு மறைமாவட்டமும் துறவற சபையும் தம் பள்ளிகளின் தலைமை ஆசிரியர், தாளாளர் பொறுப்புகளில் தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவதாக, காலியிடங்களைப் பொதுவில் அறிவித்து, தெரிவுக் குழுவில் தலித் பொதுநிலையினருக்கு இடமளிக்க வேண்டும். மூன்றாவதாக, சந்துரு குழுவின் பரிந்துரையை மறைமாவட்டங்கள் தம் இடமாற்றல் நெறியாகத் தாமே ஏற்க வேண்டும்.

மாணவர் அமைப்புகள் இன்றே தொடங்கக்கூடிய பணியும் உண்டு. நிதியுதவிப் பள்ளி நியமனங்களுக்கான ஒப்புதல் கோப்புகள் கல்வித் துறையிடம் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தனிநபர் பெயர்களைக் கேட்காமல், தலைமை ஆசிரியர் பணியிடங்களின் எண்ணிக்கை, நியமன ஆண்டு, சமூகப் பிரிவுவாரித் தொகுப்பு ஆகியவற்றை முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்கலாம். ஒரு மறைமாவட்டத்துக்கேனும் அந்தப் பட்டியல் கைக்கு வந்தால், ஆயரிடம் பேசும்போது மனக்குறையைச் சொல்லி நிற்க வேண்டியதில்லை. எண்களை முன்வைத்துப் பேசலாம்.