புதுத் திரையில் ஒரு கரும்புள்ளி

புதிதாக வாங்கிய கணிப்பொறித் திரையை மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுக்கிறீர்கள். வெண்மையான பரப்பின் நடுவில் கடுகிலும் சிறிய ஒரு கரும்புள்ளி தெரிகிறது. தூசி என்று எண்ணித் துடைத்துப் பார்க்கிறீர்கள், போகவில்லை. கடைக்காரரிடம் சொன்னால், "ஒரு புள்ளிக்கெல்லாம் மாத்தித் தர மாட்டாங்க தம்பி, கம்பெனி ரூல் அது" என்கிறார்.

அவர் சொல்வது உண்மையா? ஒரு புள்ளி எப்படிப் பழுதாகிறது? பணம் கொடுக்கும் முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய பிறகு, கணிப்பொறித் திரை சிற்றூர் வீடுகளுக்கும் பழக்கமாகிவிட்டது. கெடாரிலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் ஏறிப் போய், பல மாதச் சேமிப்பைக் கொடுத்துத் திரை வாங்கி வருகிறவர்கள் இக்கேள்விகளுக்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

இன்று பரவலாக விற்கும் திரைகள் திரவப் படிகத்தால் இயங்குபவை. திரவமாக ஓடும், ஆனால் படிகத்தைப் போல மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் நிற்கும் விந்தைப் பொருள் இது. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் பிரீட்ரிக் ரைனிட்சர் ஒரு பொருளைச் சூடேற்றியபோது, அது ஏறத்தாழ 145 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாகவும், 179 பாகையை நெருங்கும்போது தெளிந்த நீர்மமாகவும் மாறியது. அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிக நிலை. இத்துறையில் நம் நாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. சர் சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் தம் குழுவினருடன் ஆராய்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாக இருக்கக் கூடும் என்று 1977-இல் கண்டறிந்தார். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரையில் படம் தெளிவாகத் தெரிவதற்கு, பிற்காலத்தில் இவ்வகைப் பொருளால் செய்த மென்படலங்கள் உதவின.

திரையின் பின்புறம் வெள்ளொளி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் உள்ள திரவப் படிகம் ஒரு கதவைப் போலச் செயல்படுகிறது. மின்னழுத்தம் மாறும்போது அதன் மூலக்கூறுகள் திரும்பி ஒளியை விடுகின்றன அல்லது தடுக்கின்றன. கதவைத் தாண்டிய ஒளி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளில் ஒன்றின் வழியாக வெளிவருகிறது. இம்மூன்று துணைப்புள்ளிகளும் சேர்ந்தது ஒரு படப்புள்ளி. இதையே பிக்செல் என்கிறோம். ஒவ்வொரு துணைப்புள்ளிக்கும் கண்ணாடியின் மேலேயே உருவாக்கப்பட்ட ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்சாக இருக்கிறது.

இரண்டு மூட்டை நெல்

'ஃபுல் எச்.டி.' திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 படப்புள்ளிகள். அதை மூன்றால் பெருக்குங்கள்: 62,20,800 துணைப்புள்ளிகள். அதாவது ஒரு திரையில் 62 லட்சம் டிரான்சிஸ்டர்கள்!

இது எவ்வளவு பெரிய எண்? ஆயிரம் நெல்மணிகள் ஏறத்தாழ 24 கிராம் எடை இருக்கும் என்று கொள்வோம். அப்படியானால் 75 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 31 லட்சம் மணிகள். ஆக, உங்கள் மேசைமேல் உள்ள திரையில் இரண்டு மூட்டை நெல்லின் அளவுக்குத் துணைப்புள்ளிகள் இருக்கின்றன. இரண்டு மூட்டையிலும் ஒரு பதர்கூட இருக்கக் கூடாது என்றால் எந்த உழவராவது உறுதி கொடுப்பாரா?

தொழிற்சாலையின் நிலையும் அதுதான். பத்து லட்சத்துக்கு ஒன்று வீதம் பழுதானால்கூட, ஒரு திரைக்குச் சராசரியாக ஆறு பழுதுகள் வரும். நூறு திரைகளில் தொண்ணூற்றொன்பதாவது குறையின்றி வர வேண்டுமானால், அந்த நூறிலும் சேர்த்து ஒரு பழுதுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 62 கோடிக்கு ஒன்று! தூசியற்ற அறைகளில் செய்தும், பழுதுகளை லேசர் கதிரால் திருத்தியும் இந்த இலக்கை எட்ட முயல்கிறார்கள். இருந்தாலும் டிரான்சிஸ்டரின் நுண்பகுதிகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே உள்ளவை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், அதைக் கெடுக்க.

பழுதின் வகைகள்

எப்போதும் கறுப்பாகவே நிற்பது அணைந்த புள்ளி. எப்போதும் வெள்ளையாக ஒளிர்வது அணையாப் புள்ளி. சிவப்பு, பச்சை, நீலம் என ஏதேனும் ஒரு நிறத்திலேயே நின்றுவிடுவது சிக்கிய புள்ளி. ஒரே பழுது திரையின் வகைக்கேற்ப வெவ்வேறு விதமாகத் தோன்றலாம் என்பது சுவையான செய்தி. 'டி.என்.' வகைத் திரையில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவு திறந்திருக்கும். அங்கே சுவிட்சு செத்தால் புள்ளி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். 'ஐ.பி.எஸ்.' வகையில் மின்னழுத்தம் இல்லாதபோது கதவு மூடியிருக்கும். அங்கே புள்ளி கறுத்துப் போகும்.

சிக்கிய புள்ளி சில வேளைகளில் தானாகவே சரியாகும். நிறங்களை விரைவாக மாற்றிக் காட்டும் மென்பொருளாலும் சில நேரம் சரியாவதுண்டு. டிரான்சிஸ்டர் செத்த புள்ளியை வீட்டில் திருத்த முடியாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அருகிலுள்ள புள்ளிகளும் கெடலாம்.

எத்தனை புள்ளி வரை பொறுப்பது?

இதற்கு உலக அளவில் ஒரு தரவிதி வகுத்தார்கள். 2001-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்னும் விதி, திரைகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. முதல் வகுப்பில் ஒரு பழுதும் கூடாது. இரண்டாம் வகுப்பில் பத்து லட்சம் படப்புள்ளிகளுக்கு அணையாதவை 2, அணைந்தவை 2, துணைப்புள்ளிப் பழுதுகள் 5 வரை இருக்கலாம். 20 லட்சம் படப்புள்ளி கொண்ட ஃபுல் எச்.டி. திரைக்கு இதைக் கணக்கிட்டால் முறையே 4, 4, 10 வரும். 2008-இல் ஐ.எஸ்.ஓ. 9241-307 என்ற விதி இதன் இடத்தைப் பிடித்தது. அதிலும் வகுப்புகள் உண்டு.

ஆகவே கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. எந்த வகுப்பை ஏற்பது, எத்தனை புள்ளிக்கு மாற்றிக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. ஒரே ஒரு அணையாப் புள்ளி இருந்தாலும் மாற்றித் தருவதாகத் தம் சில திரைகளுக்கு உறுதி கூறும் நிறுவனங்களும் உண்டு. ஒரே விலையுள்ள இரண்டு திரைகளில் எதை வாங்குவது என்று தீர்மானிக்க இந்த உறுதி உதவும். அதை வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஐந்து நிறச் சோதனை

கடையில் காட்சிக்கு வைத்த திரையைப் பார்த்துவிட்டு, மூடிய பெட்டியைத் தூக்கி வராதீர்கள். உங்களுக்குத் தரும் பெட்டியையே பிரித்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெறும் நிறப் படங்களை முன்பே தயாரித்துப் பென் டிரைவில் கொண்டு செல்லலாம். ஒவ்வொன்றையும் திரை முழுவதும் நிரப்பிக் காட்டி, மூலைமுதல் மூலைவரை நிதானமாகப் பாருங்கள்.

கறுப்பில் அணையாப் புள்ளிகளும் சிக்கிய புள்ளிகளும் மின்னும். வெள்ளையில் அணைந்தவை தெரியும். சிவப்பில் சிவப்புத் துணைப்புள்ளி செத்த இடம் கறுப்பாகத் தெரியும். பச்சையிலும் நீலத்திலும் அவ்வாறே. ஐந்து நிறம் ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா?

பழுது திரையில்தானா என்று ஐயம் வந்தால், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள், தூசியானால் போய்விடும். போகாவிட்டால், படத்தை நகர்த்திப் பாருங்கள். படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் குறை படத்தில். நகராமல் அதே இடத்தில் நின்றால் குறை திரையில்.

பில் ஏன் தேவை?

திரையின் மாடல் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை புள்ளிக்கு, எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குவது நல்லது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். "இது குறையே அல்ல" என்று கடைக்காரர் வாதிட்டால், எழுதி வாங்கிய சொல்லே உங்கள் பக்கம் பேசும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கு அனுப்பி வைக்கும் திரையானால், பெட்டியைப் பிரிப்பதைச் செல்பேசியில் படம் பிடித்து, அன்றே ஐந்து நிறச் சோதனையையும் செய்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, வெள்ளையாக ஒளிரும் கணிப்பொறித் திரையின் அருகே பிடியுங்கள். வெண்மை மறைந்து, சிவப்பும் பச்சையும் நீலமும் சிறு கோடுகளாக அணிவகுத்து நிற்பதைக் காண்பீர்கள். இருபத்தோரரை அங்குல ஃபுல் எச்.டி. திரையானால், மூன்று கோடுகள் சேர்ந்த ஒரு படப்புள்ளியின் அகலம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் உள்ள திரைகளை ஐந்து நிறத்தாலும் சோதித்து, எந்தத் திரையில் எவ்வகைப் பழுது எத்தனை என்று அட்டவணை எழுதுங்கள். அவற்றில் எத்தனை திரைகள் இரண்டாம் வகுப்பில் தேறும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.