படிப்பும் மலையேற்றமும்



"மலை ஏறிக்கொண்டிருந்தால் பாடத்தை யார் படிப்பது?" தோட்டத்து வீடுகளில் எழும் இந்தக் கேள்வி நியாயமானதுதான். விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் நடந்து பாடுபட்ட தாய்க்கு, ஏறி இறங்குவதை ஒரு விளையாட்டு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். தன் பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து படிக்கட்டும் என்றே அவள் எண்ணுவாள். அந்த எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் பினாங்கில் வாழும் மாணவன் பாடத்துக்குக் கேடு வராமல் மலையேற முடியுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு செய்தி. 1997 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள், மலேசியர் முதன்முறையாக எவரெஸ்ட் சிகரத்தில் கால் வைத்தனர். அன்று அடுத்தடுத்து உச்சியை அடைந்த இருவர் எம். மகேந்திரன், என். மோகனதாஸ். இருவரும் தமிழர்கள். 8,848 மீட்டர் உயரத்துக்கு யாரும் ஒரே நாளில் தயாராகிவிடுவதில்லை. சிறிய மலை, அதைவிடப் பெரிய மலை என்று உடம்பைப் படிப்படியாகப் பழக்கித்தான் அங்கே போக முடியும். நம் பிள்ளைகளுக்கு எவரெஸ்ட் வேண்டாம். கண்ணெதிரே கொடிமலை இருக்கிறது.

கொடிமலையின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். 1923 இல் அமைந்த மலை ரயிலில் போனவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். 2011 முதல் ஓடும் புதிய ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய் விடுகிறது. நடந்து போவோருக்குத் தாவரவியல் பூங்கா அருகிலிருந்து ஜீப் செல்லும் சாலை ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 700 மீட்டர். இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892 இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் கொடிமலைக்கு இரண்டு மணி பத்து நிமிடம். இது பழகிய கால்களுக்கான கணக்கு. புதிதாக ஏறும் மாணவனுக்கு மூன்று மணி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பத்துக்கு உச்சி. சற்று ஓய்ந்து இறங்கினால் பிற்பகல் ஒரு மணிக்குள் அடிவாரம். சனிக்கிழமை மாலையும் ஞாயிறு முழுவதும் புத்தகத்துக்கு மிச்சம். மாதம் ஒரு முறை இவ்வளவு நேரம் கொடுப்பதால் தேர்வு கெட்டுப்போகாது என்பதே எங்கள் துணிபு. கைப்பேசி விழுங்கும் நேரத்தை ஒரு வாரம் எழுதி வைத்துப் பாருங்கள், மலை விழுங்குவது எவ்வளவு சிறிது என்று தெரியும்.

ஆனால் மாதம் ஒரு முறை மட்டும் ஏறினால் ஒவ்வொரு முறையும் கால் வலியே மிஞ்சும். வார நாட்களில் சிறு பயிற்சி வேண்டும். அதற்குத் தனி இடம் தேட வேண்டியதில்லை. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு முறை ஏறுவது சுமார் 77 மீட்டர் ஏற்றம். கொடிமலை ஏற்றம் என்பது அந்தப் படிகளை ஒன்பது தடவை ஏறுவதற்குச் சமம்! தைப்பூசத்தன்று காவடி சுமந்து ஏறியவர்களுக்கு மூச்சு எங்கே வாங்கும் என்று நாம் சொல்லித் தர வேண்டாம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர்கள் மின்தூக்கியை மறந்து படிக்கட்டைப் பிடிக்கலாம். வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம் போதும். செபராங் பிறை மாணவர்களுக்கு புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் மலை பக்கத்திலேயே இருக்கிறது; படகு ஏறி ஜார்ஜ் டவுன் வர வேண்டியதில்லை. கெடாவில் இருக்கும் மாமன் மகனையும் கூட்டிப் போவதென்றால் சனிக்கிழமைதான் தோது. அவர்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் அல்லவா?

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் நூற்றுக்குப் பத்துப் புள்ளிகள் புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியவை. சாரணர் போன்ற சீருடை இயக்கத்தோடு போகும் பயணங்கள் பள்ளியின் பதிவேட்டில் ஏறும். தனியே போவது ஏறாது. ஆகவே பள்ளியோடு போவதே பாதுகாப்பு, லாபமும்கூட. பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் பல. ஆசிரியை உடன் வருகிறாரா, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேளுங்கள். சரியான பதில் கிடைத்தால் அனுப்புங்கள். அண்ணனுக்குக் கிடைத்த பத்துப் புள்ளி தங்கைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். விலையுயர்ந்த காலணி தேவையில்லை. பால்மரம் வெட்டுவோர் அணியும் கறுப்பு ரப்பர்க் காலணி, வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்களே, அதையே மலையோட்டக்காரர்களும் விரும்பி அணிகிறார்கள். அடியில் இருக்கும் குமிழ்கள் ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நனைந்தால் துடைத்துவிட்டுப் போடலாம். காலுறையைத் தடிப்பாகப் போடுங்கள், இல்லையேல் குதிகால் தோல் உரியும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. சோற்றைப் பைக்குள் வையுங்கள். கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பூங்காக் குரங்குகள் விடமாட்டா.

மழையை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலையில் புறப்படச் சொல்வது அதனால்தான். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த பெருமழையில் கொடிமலைச் சரிவுகளில் மண் சரிந்து பாதைகள் சேதமுற்றன. முதல்நாள் கனமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

இறக்கத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. ஏறும்போது மூச்சுக்கு வேலை, இறங்கும்போது தொடைக்கும் முட்டிக்கும் வேலை. தொடை வலி அன்றைக்குத் தெரியாது. அடுத்த இரண்டு நாட்களில்தான் கடுமையாகும். திங்கட்கிழமை ஓட்டப் போட்டி வைத்துக்கொண்டு சனிக்கிழமை மலையேறக் கூடாது. ஐந்தாம் படிவ மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய இரண்டு மாதம் பெரிய ஏற்றத்தை நிறுத்திவிட்டுப் படிப்பயிற்சியை மட்டும் தொடர்ந்தால், தேர்வு முடிந்த வாரமே பழைய வேகத்தில் ஏற முடியும்.