ஊசியின் கோணமும் இசையின் தெளிவும்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பாத்திர பண்டங்களோடு இசைத்தட்டுகளும் உடன் சென்றன. மைசூர்ச் சீமையின் ராமாபுரமாயினும், மும்பையின் மாதுங்காவாயினும், எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டை அறியாத தமிழர் அரியர். 1963-ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தட்டைப் போன்றவற்றை இன்றும் பேணி வைத்திருப்போர் ஒரு குறையைக் கூறுவதுண்டு. தொடக்கத்தில் தெளிவாக ஒலிக்கும் குரல், தட்டு முடியும் தறுவாயில் கரகரக்கிறது. ‘ஸ’, ‘ஷ’ முதலிய ஒலிகள் சீறுகின்றன. தட்டு தேய்ந்துவிட்டதென்று அதனை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆனால், பல வேளைகளில் குற்றம் தட்டினுடையதன்று. ஊசி நிற்கும் கோணத்தினுடையது.

இதன் காரணத்தைக் காண்போம். மூலத்தட்டில் ஒலியைப் பள்ளமாகச் செதுக்கும் கருவி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுக் கருவியில் ஊசியைத் தாங்கும் கரமோ, கீலில் திரும்பும் கதவைப் போல வளைவாகச் செல்கிறது. ஆகவே, செதுக்கிய கோணத்திலேயே ஊசி எங்கும் நிற்றல் இயலாது. இப்பிழையைக் குறைக்கவே கரத்தின் தலைப்பகுதியைச் சற்று உட்புறம் சாய்த்து, ஊசி நடுத்தண்டைச் சிறிது கடந்து நிற்குமாறு அமைக்கின்றனர். இங்கிலாந்தின் பெர்ஸி வில்சன் 1924-இல் இதனை ஆராய்ந்தார். சுவீடனின் லோஃப்கிரென் 1938-இலும், பேர்வால்ட் 1941-இலும் கணிதத்தால் விளக்கினர். பேர்வால்ட் முறைப்படி, நடுவிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் ஊசி பிழையின்றி நிற்கும். பிற இடங்களில் பிழை மிகச் சிறிதாகும்.

பிழை இறுதியில் மிகுந்து கேட்பதேன்? நெடுந்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. வெளிவிளிம்பருகே ஒரு நொடியில் ஊசியின்கீழ் ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உட்புறத்திலோ 21 சென்டிமீட்டரே ஓடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், வெளியே மறைந்திருந்த சிறு பிழை உள்ளே வெளிப்படுகிறது. நம் கச்சேரித் தட்டுகளில் தில்லானாவும் மங்களமும் அமைவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான்!

இதனைச் சீர்செய்ய உதவுவதே பாகைமானி அட்டை. நடுத்தண்டில் மாட்டுவதற்கு ஒரு துளையும், மேற்கூறிய தொலைவுகளில் இரு புள்ளிகளும், அவற்றைச் சூழ்ந்த கட்டக்கோடுகளும் அதில் இருக்கும். தாளில் அச்சிட்டுக்கொள்வோர் முதலில் அளவுகோலால் அத்தொலைவுகளைச் சரிபார்த்தல் வேண்டும். மின்விசையை நிறுத்தி, அட்டையை வைத்து, உட்புள்ளியில் ஊசிமுனையை மெல்ல இறக்குக. முன்னிருந்து நோக்கினால், முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு கோடுகளுக்கு இணையாக இருத்தல் வேண்டும். பின்னர், அட்டையைத் திருப்பி வெளிப்புள்ளியிலும் அவ்வாறே காண்க. இணையாக இல்லையெனில், ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜின் இரு திருகுகளையும் சற்றே தளர்த்தி, அதனை முன்பின் நகர்த்தியும் சிறிது திருப்பியும், இரு புள்ளிகளிலும் ஒருங்கே இணையும் வரை பொறுமையுடன் முயல்க. திருகுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, மீண்டும் ஒருமுறை நோக்குக. கார்ட்ரிட்ஜ் இடம் மாறினால் ஊசியின் பளுவும் மாறுமாதலின், அதனையும் உற்பத்தியாளர் குறித்த அளவிற்குத் திருத்துக. 78 சுற்றுத் தட்டுகளின் பள்ளம் அகன்றதாதலின், அவற்றிற்கு வேறு ஊசி வேண்டுமென்பதையும் மறவற்க.

மைசூர்ச் சீமையில் பிறந்து, தமிழக மேடைகளில் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோருக்கு வயலின் வாசித்த சௌடையா 1967-இல் மறைந்தார். அவர்தம் வில்லோசையை நமக்குத் தருவன அக்காலப் பதிவுகளே. அத்தகைய தட்டொன்றைக் கழித்துவிட்டால் மற்றொன்று எளிதிற் கிட்டாது. ஆகவே, தட்டு முதுமையுற்றதென்று தீர்மானிக்குமுன், அரைமணி நேரம் செலவிட்டு ஊசியின் கோணத்தைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.