மாலத்தீவைத் தாக்கியது யார்?

சென்ற ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, சின்னாளப்பட்டித் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். "1988இல் விடுதலைப் புலிகள் மாலத்தீவைத் தாக்கினாங்களாமே ஹஜ்ரத்?" என்றார். ஊடகங்களில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது.

நடந்தது என்ன? 1988 நவம்பர் 3 அன்று தலைநகர் மாலேயில் இறங்கிய சுமார் 80 ஆயுததாரிகள் 'புளொட்' இயக்கத்தினர். புலிகளிடமிருந்து பிரிந்த உமா மகேஸ்வரன் தொடங்கிய இந்த இயக்கம் புலிகளுக்கு எதிரானது. அவர்களைக் கூலிப்படையாக அழைத்து வந்தவர் அப்துல்லாஹ் லுத்ஃபி என்ற மாலத்தீவு வணிகர். அதிபர் மஃமூன் அப்துல் கையூமின் ஆட்சியைக் கவிழ்ப்பதே திட்டம். தலைமறைவாக இருந்தபடி கையூம் இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட நமது பாராசூட் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினர், ஆட்சி காப்பாற்றப்பட்டது.

ஆகவே இதைப் 'புலிகள் தாக்குதல்' என்பதும் பிழை, 'தமிழர் படையெடுப்பு' என்பதும் பிழை. அப்படி எழுதும்போது, ஏவியவர் பெயர் மறைந்து ஓர் இனத்தின் பெயர் தலைப்பில் ஏறிவிடுகிறது. யாரோ சிலர் செய்த குற்றத்தை ஒரு சமுதாயத்தின் மீதே சுமத்தும் தலைப்புகளின் வலி நமக்குத் தெரியாததா? அதே அநீதியை நாம் பிறருக்குச் செய்யலாமா?

வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருக்குர்ஆன் (49:6) நமக்குக் கட்டளையிடுகிறது. பகிர்வதற்கு முன் கேளுங்கள்: செய்தவர் யார்? செய்யச் சொன்னவர் யார்?