அக்கலேசியா: தளராத சுருக்குத்தசை

விழுங்குதல் என்னும் செயலில் மனிதரின் விருப்பத்துக்கு உட்பட்டது வாயில் நிகழும் தொடக்கப் பகுதி மட்டுமே; கவளம் தொண்டையைக் கடந்து உணவுக்குழாய்க்குள் நுழைந்துவிட்டால், அதை இரைப்பைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு முழுவதையும் தன்னியக்க நரம்புகளும் தசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. வளர்ந்தவர்களிடம் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இக்குழாயில் உணவு தன் எடையால் மட்டும் வழுக்கி இறங்குவதில்லை. தலைகீழாக நின்று குடித்தாலும் நீர் இரைப்பையை நோக்கியே செல்வதற்குக் காரணம், குழாயின் வளையத்தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி உள்ளிருப்பதை முன்தள்ளுவதே ஆகும். அலையியக்கம் என்று உடலியலார் அழைக்கும் இச்சுருக்கம் நொடிக்கு 2 முதல் 4 செ.மீ. வேகத்தில் பயணம்செய்து, ஏறத்தாழ 10 நொடிகளில் அடிமுனையை அடைகிறது.

அந்த அடிமுனையில், உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில், சில செ.மீ. நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை அமைந்திருக்கிறது. இரைப்பையின் அமிலம் மேலேறாதவாறு எப்போதும் இறுகி மூடியிருப்பதும், விழுங்கத் தொடங்கியவுடனே, அலை வந்து சேர்வதற்கு முன்னதாகவே, தளர்ந்து வழிவிடுவதும் இத்தசையின் வேலை. தளர்தலும் சுருங்குதலைப் போலவே நரம்பின் ஆணையால் நிகழ்வதுதான் என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. உணவுக்குழாயின் இரு தசையடுக்குகளுக்கு இடையே ஓடும் நரம்புவலையில், அதை 1862இல் விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலார் லியோபோல்ட் அவர்பாக் பெயரால் வழங்கும் வலையில், இருவகை நரம்பணுக்கள் உள்ளன: ஒருவகை அசிட்டைல்கோலினைச் சுரந்து தசையைச் சுருங்கச் செய்ய, மற்றொருவகை முதன்மையாக நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டுத் தசையைத் தளர்த்துகிறது. அக்கலேசியா என்னும் நோயில் இந்த இரண்டாம் வகை அணுக்களே முதன்மையாக அழிகின்றன. சுருங்கு என்று சொல்லும் குரல் நீடிக்க, தளர் என்று சொல்லும் குரல் அடங்கிப்போவதால், சுருக்குத்தசை விழுங்கும்போதும் இறுகியே நிற்கிறது. மேலே உள்ள குழாயும் முறையான அலையியக்கத்தை இழந்துவிடுகிறது.

இதன் விளைவாக, உண்டதும் பருகியதும் குழாயின் அடியில் தேங்கி, தங்கள் எடையால் அழுத்தம் மிகும்போது மட்டும் சிறிது சிறிதாக இரைப்பைக்குள் கசிகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் விரிந்து பருத்து, முற்றிய நிலையில் வளைந்து நெளிந்துவிடுவதும் உண்டு. புற்றுநோயாலோ தழும்பாலோ குழாய் குறுகினால் முதலில் திட உணவு சிக்கி, பின்னரே நீர்மம் தடைபடும். அக்கலேசியாவிலோ பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே சோறும் நீரும் ஒருங்கே தடைபடுகின்றன. செரிக்காத உணவு புளிப்பின்றி எதுக்களிப்பது, படுத்தபின் தேங்கியது மூச்சுக்குழாய்க்குள் சென்று இருமலையும் நுரையீரல் அழற்சியையும் உண்டாக்குவது, நெஞ்சுவலி, உடல் மெலிவு ஆகியவை பிற அறிகுறிகள். தேங்கிய உணவு நொதிப்பதால் சிலருக்கு நெஞ்செரிச்சலும் தோன்றுவதுண்டு. அதனால் இது அமிலப் பின்னொழுக்கு என்று கருதப்பட்டு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கே புதிதாகத் தோன்றும் அரிய நோய் என்பதால் பொது மருத்துவர் இதை நினைவில் வைத்திருக்கும் வாய்ப்பும் குறைவு. நோயாளிகளும் மெல்ல உண்ணவும், ஒவ்வொரு கவளத்துக்கும் நீர் பருகவும், எழுந்து நின்று உடலை நிமிர்த்தி விழுங்கவும் தாமாகவே பழகிக்கொண்டு, நோயை மருத்துவரிடமிருந்து மட்டுமன்றித் தம்மிடமிருந்தே மறைத்துவிடுகின்றனர்.

அந்நரம்பணுக்கள் ஏன் அழிகின்றன என்ற வினாவுக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. மரபியல் சார்பு உடையவர்களிடம் ஏதோ ஒரு வைரஸ் தொற்று தூண்டிவிட, உடலின் நோயெதிர்ப்பாற்றல் தன் நரம்பணுக்களையே தாக்குகிறது என்பது பலர் ஏற்கும் கருதுகோள். காரணம் ஐயமின்றித் தெரிந்த ஓர் இடமும் உண்டு: லத்தீன் அமெரிக்காவில், 1909இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டறிந்ததும் ஒருவகை இரத்தம் உறிஞ்சும் பூச்சியால் பரவுவதுமான ஒட்டுண்ணி நோய், இதே நரம்புவலையை அழித்து, அக்கலேசியாவிலிருந்து பிரித்தறிய இயலாத அளவுக்கு ஒத்த விளைவை ஏற்படுத்துகிறது.

நோயை உறுதிசெய்வதில் எண்டோஸ்கோபியின் முதற்பணி, அக்கலேசியாவைக் காண்பதைவிட அதைப்போலத் தோற்றமளிக்கும் புற்றுநோய் இல்லை என்று தெளிவதே. ஏனெனில் தொடக்க நிலையில் உட்புறம் இயல்பாகவே காணப்படலாம். பேரியம் கரைசலைப் பருகச் செய்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், விரிந்த குழாய் அடியில் கூராகக் குவிந்து பறவையின் அலகை ஒத்த நிழலைக் காட்டும். ஆயினும் இறுதித் தீர்ப்பை வழங்குவது மானோமெட்ரி என்னும் அழுத்த அளவீடு. ஏறத்தாழ ஒரு செ.மீ. இடைவெளியில் உணரிகள் பதித்த மெல்லிய குழலை மூக்கின் வழியாக இரைப்பை வரை செலுத்தி, நோயாளி சில மிடறு நீரை விழுங்கும்போது ஒவ்வொரு புள்ளியிலும் ஏற்படும் அழுத்தத்தைக் கணினி வண்ணப் படமாக வரைகிறது. சுருக்குத்தசை தளரவேண்டிய நேரத்திலும் அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே, பல கருவிகளில் பாதரச அளவில் 15 மி.மீட்டருக்குக் கீழே, இறங்கவில்லை எனில் கோளாறு வெளிப்படுகிறது. குழாய் முற்றிலும் அசைவற்றிருப்பது முதல் வகை, முழுக் குழாயிலும் அழுத்தம் ஒருசேர உயர்வது இரண்டாம் வகை, முறையற்ற வலிப்புச் சுருக்கங்கள் நிகழ்வது மூன்றாம் வகை என்று சிகாகோ வகைப்பாடு பிரிக்கிறது; சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்குவது இரண்டாம் வகையே.

சிகிச்சையின் வரலாறு நோயின் பெயரைவிட மூத்தது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நுனியில் பஞ்சுறை பொருத்திய திமிங்கில எலும்புக் கோல் ஒன்றைச் செய்துகொடுத்து, ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் அதனால் உணவை இரைப்பைக்குள் தள்ளிக்கொள்ளுமாறு ஒரு நோயாளிக்குக் கற்பித்ததை 1674இல் பதிவுசெய்தார். சுருக்குத்தசை வலிப்பால் மிகையாக இறுகுகிறது என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கருதினர். தளரும் திறனை அது இழந்துவிட்டதே கோளாறு என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் ஹர்ஸ்ட் நிலைநாட்டினார். விளக்கம் இவ்வாறு மாறியபோதும் மருத்துவத்தின் இலக்கு மாறவில்லை. அழிந்த நரம்பணுக்களை மீட்கும் வழி இன்றுவரை இல்லையாதலால், வில்லிஸின் கோல் முதல் இன்றைய கருவிகள் வரை எல்லாமே வாயிலை வலுக்கட்டாயமாகத் திறக்கும் முயற்சிகளே. குழாயின் அலையியக்கத்தைப் பெரும்பாலும் எதுவும் திருப்பித் தருவதில்லை.

தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் சிறிதே பயன்தருகின்றன. போட்டுலினம் நச்சைச் சுருக்குத்தசையில் ஊசியால் செலுத்தினால் சுருங்கும் ஆணை தடைபட்டு நிவாரணம் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறைவதால், அறுவையைத் தாங்க இயலாத முதியோருக்கே இம்முறை ஏற்றது. காற்றடைத்த பலூனை 30 முதல் 40 மி.மீ. விட்டம் வரை விரித்துத் தசைநார்களைக் கிழிக்கும் முறையில் குழாய் துளைபடும் அபாயம் நூற்றுக்கு ஓரிருவருக்கு உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1913இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்த அறுவை, உட்புறச் சளிப்படலத்தைத் தொடாமல் தசையை மட்டும் நெடுக்காக வெட்டியது. இன்று அதை வயிற்றில் சிறு துளைகளிட்டு லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்து, அமிலம் மேலேறாதிருக்க இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைக்கின்றனர்.

ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008இல் மனிதரிடம் முதன்முதலாகச் செய்த போயம் என்னும் முறையில் உடலின் வெளிப்புறத்தில் வெட்டே இல்லை. மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்தி, சளிப்படலத்தில் சிறு வாயில் அமைத்து, அப்படலத்துக்கும் தசைக்கும் இடையே இரைப்பை வரை சுரங்கம் தோண்டி, அதனூடே தசையை வெட்டியபின் வாயிலைக் கிளிப்புகளால் மூடிவிடுகின்றனர். வெட்டை வேண்டிய அளவு மேல்நோக்கி நீட்ட இயல்வதால், வலிப்புச் சுருக்கம் மிகுந்த மூன்றாம் வகைக்கு இது சிறப்பாகப் பொருந்துகிறது. 2019இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில் போயமும் ஹெல்லர் அறுவையும் ஈராண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ நூற்றுக்கு 83, 82 என்ற அளவில் வெற்றி கண்டன. ஆனால் அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டோர் போயம் பிரிவில் 44 விழுக்காடாகவும், மடிப்புத் தையலும் சேர்ந்த ஹெல்லர் பிரிவில் 29 விழுக்காடாகவும் இருந்தனர். திறந்த வாயில் இருவழியும் திறந்ததே என்பதால், உணவு இறங்கும் எளிமைக்கு ஈடாகச் சிலர் அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள நேர்கிறது.

விழுங்குதல் எளிதானபின்னும் கண்காணிப்பு முடிந்துவிடுவதில்லை. தசை மீண்டும் இறுகலாம். நெடுங்காலத் தேக்கத்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோயின் வாய்ப்பும் பிறரைவிடக் கூடுதலாக உள்ளது. நன்கு மென்று மெல்ல உண்பது, உண்டவுடன் படுக்காமலிருப்பது, தலைப்பக்கம் சற்றே உயர்த்திய படுக்கையில் உறங்குவது ஆகியன சிகிச்சைக்குப் பின்னும் பலருக்குத் தேவைப்படுகின்றன. மிக விரிந்து நெளிந்துபோய் எந்த முறைக்கும் இணங்காத குழாயை முற்றிலும் அகற்றி, இரைப்பையையே குழலாக வடித்து மேலிழுத்துப் பொருத்தும் பேரறுவை, பிற வழிகள் யாவும் அடைபட்ட சிலருக்கே உரியது.