செலிபிக்கு ஒரு வரி, இண்டிகோவுக்கு ஆறு மாதம்

துருக்கி ஏர்லைன்ஸிடம் இண்டிகோ குத்தகைக்கு எடுத்து ஓட்டிய இரண்டு போயிங் 777 விமானங்களின் அனுமதி 2025 ஆகஸ்ட் 31-ல் முடிய வேண்டியது. ‘இதுவே கடைசி’ என்று சொல்லித்தான் மே 30-ல் மூன்று மாதம் கொடுத்தது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. பிறகு 2026 பிப்ரவரி வரை மீண்டும் நீட்டித்தார்கள். ‘துருக்கி நிறுவனமான செலிபியை ஒரே நாளில் வெளியேற்றிய அரசு இதை மட்டும் ஏன் விட்டது?’ என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள்.

குத்தகைக்கு டிஜிசிஏ தருவது காலக்கெடு வைத்த அனுமதி. செலிபியிடமிருந்து பறிக்கப்பட்டது பாதுகாப்பு அனுமதி. அதைத் தருவதும் பறிப்பதும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் (பிசிஏஎஸ்) என்ற வேறொரு அமைப்பு. சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் பெட்டி ஏற்றுவது, சரக்கு கையாளுவது போன்ற வேலைகளைச் செய்துவந்தது செலிபி. ஒப்பந்தம் போட்டவை விமான நிலைய நிறுவனங்கள். அந்த ஒப்பந்தத்தை அரசு தொடவே வேண்டியதில்லை. பாதுகாப்பு அனுமதி போனால், ஊழியரின் கழுத்தில் தொங்கும் நுழைவு அட்டைக்கு மதிப்பில்லை. ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும்.

செலிபியின் அனுமதியைப் பறித்த 2025 மே 15 உத்தரவு சொன்ன காரணம் ‘தேசப் பாதுகாப்பின் நலன் கருதி’ என்பது மட்டுமே. ஆனால் 2023-ம் ஆண்டின் விமானப் பாதுகாப்பு விதிகளில் 12-வது விதி, நிறுவனத்தின் தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்த பிறகே ரத்து செய்யலாம் என்கிறது. செலிபி தன் தரப்பைச் சொல்ல அழைக்கப்படவே இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் அரசு காரணத்தைச் சீலிட்ட உறையில் கொடுத்தது. நீதிபதி படித்தார், செலிபியின் வழக்கறிஞர் படிக்க முடியவில்லை. ஜூலை 7-ல் மனு தள்ளுபடியானது.

என்னை உறுத்துவது இந்த உறைதான். மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சிக்கும் இப்படித்தான் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே இயற்கை நீதி விலகிவிடாது என்றது. 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலின்போது பாகிஸ்தானுக்குத் துருக்கி ஆதரவு தந்ததால் நாட்டில் எழுந்த கோபம் எனக்கும் புரிகிறது. செலிபியால் உண்மையிலேயே ஆபத்து இருந்திருக்கலாம். ஆனால் செலிபி வேலை செய்த அதே டெல்லி, மும்பை விமான நிலையங்களிலிருந்து துருக்கி விமானிகள் ஓட்டிய இண்டிகோ விமானம் இஸ்தான்புல்லுக்குப் பறந்துகொண்டிருந்தபோது, எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று நாம் எதைக்கொண்டு நம்புவது?

வாசகர்களின் மற்ற கேள்விகளுக்கு வருவோம். விமான நிறுவனங்களுக்கும் இந்த நிலை வருமா? வரலாம், அவற்றுக்கும் பிசிஏஎஸ் ஒப்புதல் வேண்டும்.



செலிபி ஊழியர்கள்? வேலையைத் தொடர, பணியை ஏற்ற புதிய நிறுவனங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உளவுத் தகவல் முழுவதையும் வெளியிட வேண்டாம். குற்றச்சாட்டின் சாரத்தையாவது சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசு தானே எழுதிய 12-வது விதி கேட்பதும் அதைத்தான்.