எஞ்சின் இருக்கிறது, கியர் இல்லை

ஹோண்டா சிட்டி ஹைப்ரிடில் முதன்முதலாக உட்காருகிறவர் ஸ்டார்ட் பட்டனை அநேகமாக இரண்டு முறை அழுத்துவார். முதல் முறை அழுத்தியதும் ‘ரெடி’ என்று ஒரு விளக்கு எரியும். எஞ்சின் சத்தம் மட்டும் வராது. கிளம்பவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்துவார், வண்டி அணைந்துவிடும். ஆனால் அது முதல் அழுத்தலிலேயே தயாராகத்தான் இருந்தது. ‘டி’யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் சத்தமில்லாமல் நகரும்.

சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998இல். அதன் ஐந்தாம் தலைமுறை 2020இல் வந்தது. இந்த ஹைப்ரிட் வகை 2022 மே மாதம் விற்பனைக்கு வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு மின்மோட்டார்கள், பின்பக்கம் ஒரு லித்தியம் அயான் பேட்டரி. முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாற்றிக்கொண்டே போகிற கியர்பாக்ஸ் இதில் கிடையாது.

கியர் இல்லாமல் எப்படி ஓடுகிறது? இரண்டு மோட்டார்களில் ஒன்றுதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மற்றொன்று எஞ்சினோடு பிணைக்கப்பட்ட ஜெனரேட்டர். தாம்பரம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பேட்டரி மின்சாரத்திலேயே வண்டி போகும். பேட்டரி சிறியது என்பதால் அது அதிக தூரம் தாங்காது. இருப்பு குறைந்ததும் எஞ்சின் விழித்து ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் மோட்டாருக்குப் போகும், மிஞ்சியது பேட்டரியில் சேரும். அப்போதும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்காது. மாவு மில் மோட்டாரைப் போல எஞ்சின் தனக்கு வசதியான ஒரு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பெட்ரோல் மிச்சமாவது இந்த வசதியால்தான். எந்த எஞ்சினும் ஒரு குறிப்பிட்ட வேகத்திலும் சுமையிலும்தான் சிக்கனமாக உழைக்கும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது சாதாரணக் காரின் எஞ்சினுக்கு அந்த நிலை வாய்ப்பதே அபூர்வம். சிக்னலில் நின்றபடியும் குடித்துக்கொண்டிருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது கணக்கு மாறிவிடுகிறது. சுழற்சியை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்குவதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வீணாகும். அதனால் அங்கே ஒரு கிளட்ச் தானாக இணைந்து எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு சேர்த்துவிடுகிறது. அந்த இணைப்பைக் காலோ காதோ உணர்வதில்லை. டேஷ்போர்டில் உள்ள படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

எஞ்சினும் கொஞ்சம் வித்தியாசமானது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880களில் காப்புரிமை பெற்ற யோசனை இது: பிஸ்டனின் உறிஞ்சும் வீச்சைவிட எரிந்து விரியும் வீச்சை நீளமாக்கினால் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையைக் கறக்கலாம். அவர் சிக்கலான கைகளையும் மூட்டுகளையும் வைத்துச் செய்ததை இன்றைய எஞ்சின்கள் உள்ளிழுக்கும் வால்வைத் தாமதமாக மூடியே சாதித்துவிடுகின்றன. சிக்கனம் கூடும், பலம் குறையும். இந்த எஞ்சினின் சக்தி 98 குதிரை, முறுக்குவிசை 127 நியூட்டன் மீட்டர். தனியாக விட்டால் சோம்பேறி வண்டிதான். மோட்டார் 253 நியூட்டன் மீட்டர் தருகிறது, அதுவும் நின்ற இடத்திலிருந்தே. அதனால்தான் இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் யோசிக்காமல் பாய்கிறது.

பிடிக்காதது, மலைப்பாதையில் எழும் சத்தம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு ஏறினால் பாதி வழியில் பேட்டரி இளைத்துவிடும். எஞ்சின் உச்சக் குரலில் கத்தும், வண்டியோ அதே வேகத்தில்தான் போகும். சத்தத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் காதால் கற்ற நமக்கு இது பழகவே நாளாகும். இறங்கும்போது இன்னொரு வேடிக்கை. காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரியும் நிரம்பும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஸ்டியரிங் பின்னால் உள்ள இரண்டு தகடுகளால் கூட்டிக் குறைக்கலாம். பேட்டரி நிறைந்த பிறகு மின்சாரத்தை வைக்க இடமிருக்காது. அப்போது அதைச் செலவழிக்க எஞ்சினைச் சும்மா சுழற்றுகிறது. இறக்கத்தில் ஏன் இந்த உறுமல் என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வரும்.

மற்றபடி இது செடான், செடானுக்குரிய சுகங்கள் எல்லாம் உண்டு. உயரம் 1,489 மில்லிமீட்டர். எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் உடல் ஒரு பக்கம் சாய்வது குறைவு. குழந்தைகளுக்குத் தலைசுற்றலும் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் குட்டையான முகம் பெட்ரோலையும் இரைச்சலையும் மிச்சப்படுத்தும். எஸ்.யூ.வி. மோகத்தில் நாம் விட்டுக்கொடுத்தது இதைத்தான். பதிலுக்கு, மூட்டுவலி உள்ள பெரியவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள். ஐந்து பேரோடு போகும்போது கிராமத்து வேகத்தடைகளில் அடி தட்டாமல் இருக்கக் குறுக்காக ஏற்ற வேண்டியிருக்கும்.

வாங்குவதற்கு முன் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர். பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொண்டதால் இதில் 306 லிட்டர்தான். கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்தின் பெட்டிகளுக்கு இது போதாது.

இனி பணக்கணக்கு. வெளிவந்தபோது ஹைப்ரிடின் ஷோரூம் விலை ஏறத்தாழ 19.5 லட்சம், ஆட்டோமேட்டிக் பெட்ரோல் சிட்டியைவிட நான்கு லட்சத்துக்கும் மேல் அதிகம். நிறுவனம் அப்போது சொன்ன மைலேஜ், ஹைப்ரிடுக்கு 26.5, பெட்ரோலுக்கு 18.4. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். கூடுதலாகக் கொடுத்த நான்கு லட்சம் திரும்பி வர ஏறத்தாழ 2.4 லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினமும் நகர நெரிசலில் நீண்ட தூரம் அலைகிறவர்கள் ஹைப்ரிடை வாங்கலாம். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்குப் பெட்ரோல் சிட்டியே போதும், டிக்கியும் பெரிது.